‘ஆற்காடு நெய் மக்கன் பேடா’ என்று டிரேட்மார்க் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்

பேடாக்கடைப் பையன்

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்காட்டில் எங்களுக்கு ஒரு சின்ன இனிப்புக் கடை. அப்பா 1996-ல் ஆரம்பித்தார். லட்டு, மிக்சர் எல்லாம் பேருக்குத்தான், ஓடுவது மக்கன் பேடா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், குலாப் ஜாமூனுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவாவும் மைதாவும் பிசைந்து, நடுவில் முந்திரியும் பாதாமும் வைத்து மூடி, தட்டிப் பொரித்து ஜீராவில் ஊறப்போடுவது. நவாப் காலத்துச் சரக்கு என்பார்கள்.

முதல் நாளிலிருந்து பெட்டியில் ‘ஆற்காடு நெய் மக்கன் பேடா’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். சிவப்பு அட்டைப்பெட்டி, கீழே டெல்லி கேட் படம். எங்கள் அடுப்படியில் பதினோரு வருஷம் நின்றவர் போன தீபாவளிக்கு முன்னால் தனிக்கடை போட்டார். போடட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே சிவப்புப் பெட்டி, அதே டெல்லி கேட், அதே பெயர், எழுத்துகூட அதே வளைவு. வாங்கிப் போனவர்கள் ‘என்னப்பா இந்தத் தடவை ஜீரா புளிச்சுப் போச்சு’ என்று எங்களுக்குப் போன் செய்கிறார்கள்.

அதனால் ஒரு ஏஜென்டைப் பிடித்து டிரேட்மார்க் போட்டேன். கிளாஸ் 30, அதாவது இனிப்பு மாதிரிப் பண்டங்களுக்கான வகை. அரசுக் கட்டணம் 4,500, அவருக்குத் தனியாக. இப்போது எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் வந்திருக்கிறது. டிரேட்மார்க் சட்டம் பிரிவு 9(1)(பி), பொருளின் வகையையும் தரத்தையும் ஊரையும் குறிக்கும் சொற்கள், பதிவு செய்ய முடியாது என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் பெயரை எங்களுக்கே தரமாட்டார்களாம். ரிப்போர்ட் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. என்ன செய்வது?

சத்துவாச்சாரி

தம்பி, முதலில் தேதி. ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதில் போகவேண்டும். போகவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக முடித்துவிடுவார்கள். பதினோரு நாள் போய்விட்டது என்றால் மிச்சம் இருப்பது மூன்று வாரத்துக்கும் குறைவு, அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். நான் வக்கீல் இல்லை, சென்னையில் ஒரு வக்கீல் ஆபீஸில் பத்து வருஷம் இந்த ஃபைல்களைத்தான் தூக்கிக்கொண்டு கிண்டி டிரேட்மார்க் ஆபீஸுக்கு அலைந்தேன்.

இப்போது உங்கள் பெயரை ஒரு கத்தரிக்கோலால் வெட்டிப் பார்ப்போம். ‘ஆற்காடு’, ஊர்ப்பெயர், அந்த ஊரில் இருக்கும் எவனும் போடலாம். ‘நெய்’, எதில் செய்தது என்று சொல்லுகிறது. ‘மக்கன் பேடா’, அந்தப் பண்டத்துக்கே அதுதான் பெயர், வேறு எப்படியும் அதைச் சொல்ல முடியாது. மூன்றையும் வெட்டி எடுத்த பிறகு மேஜையில் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை. உங்கள் கடையைக் காட்டும் எழுத்து ஒன்றுகூட அதில் கிடையாது. ஆபீசர் சொன்னது இதைத்தான்.

இது அநியாயம் மாதிரித் தெரியும், ஆனால் திருப்பிப் பாருங்கள். 1996-க்கு முன்னாலேயே ஆற்காட்டில் பேடா போட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முந்திக்கொண்டு இதே பெயரைப் பதிவு செய்திருந்தால் உங்கள் அப்பா பெட்டியில் என்ன எழுதியிருப்பார்? பொருளின் வகை, தரம், அளவு, எதற்குப் பயன்படும், விலை மதிப்பு, எந்த ஊர், எப்போது செய்தது, இவற்றை மட்டுமே சொல்லும் வார்த்தைகள் வியாபாரிகள் எல்லாருக்கும் பொதுக் கிணறு. ஒருவர் பூட்டுப் போட்டுக்கொள்ள முடியாது.

‘மட்டுமே’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கூட ஏதாவது சொந்தச் சரக்கு இருந்தால் கதை வேறு.

அப்புறம், இந்தப் பிரிவுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாலேயே, தொடர்ந்து பயன்படுத்தியதால் அந்தச் சொல் உங்களை அடையாளம் காட்டும் தன்மையைப் பெற்றிருந்தால் மறுக்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ‘செகண்டரி மீனிங்’ என்பார்கள். அகராதி அர்த்தம் பின்னால் போய், கேட்டவுடனே ‘ஓ, அவங்க கடையா’ என்று வரவேண்டும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்தத் தேதியில் விண்ணப்பம் போட்டீர்கள், அதில் எப்போதிலிருந்து பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறது, பில் என்ன இருக்கிறது.

வாலாஜா ரோடு

சட்டம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம் வரும் ‘சுகர் ஃப்ரீ’யையே ஒரு கம்பெனி தன் இனிப்பூட்டிக்குப் பெயர் என்று வைத்துக்கொண்டிருக்கிறதே? அவனுக்கு ஒரு நியாயம், பேடா விற்கிறவனுக்கு ஒரு நியாயமா? கோடி கோடியாக விளம்பரம் செய்தால் எல்லாம் டிரேட்மார்க்தான்.

சத்துவாச்சாரி

வாலாஜா சார், நீங்கள் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதி கசப்பானதும்கூட. விளம்பரத்துக்குச் செலவு செய்கிறவனுக்கு அந்த இரண்டாவது அர்த்தத்தை உண்டாக்குவது சுலபம்தான். ஆனால் அந்தப் பெயரை வைத்து நடந்த வழக்கையும் சொல்லவேண்டும். அமுல் ஓர் ஐஸ்கிரீம் வகையில் ‘ப்ரோபயாடிக் சுகர் ஃப்ரீ’ என்று போட்டபோது அந்தக் கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றம் போனது. இனிப்பூட்டி மாத்திரையைப் பொறுத்தவரை அந்தப் பெயருக்குத் தனி அடையாளம் வந்திருக்கிறது என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால், ‘இதில் சர்க்கரை இல்லை’ என்று இன்னொருவன் சொல்வதையே தடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டது. எழுத்தை ஊரையே அடைக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடாதே என்று அமுலுக்கு ஒரு கட்டுப்பாடு, அவ்வளவுதான்.

அதாவது விவரிக்கும் சொல்லை எடுத்து பெயர் வைத்தால், பதிவே கிடைத்தாலும் கையில் இருப்பது ஓட்டைக் குடை. பிரிவு 30, பிரிவு 35 இரண்டும், பொருளின் தன்மையை நேர்மையாகச் சொல்லுகிறவனை ஒன்றும் செய்ய முடியாது என்கின்றன.

சமையல் எண்ணெய் வழக்கு ஒன்றும் உண்டு, 2010. எண்ணெய் குறைவாக உறிஞ்சும் என்பதைச் சுருக்கி ‘லோசார்ப்’ என்று மாரிகோ பதிவே வாங்கி வைத்திருந்தது. போட்டிக் கம்பெனி ‘லோ அப்சார்ப்’ என்று எழுதியது. டெல்லியில் இரண்டு நீதிபதி அமர்வு தடை கொடுக்க மறுத்துவிட்டது. விவரிப்புச் சொல்லை அரைகுறையாக மடித்து வைத்துக்கொண்டு, அதன் அசல் வடிவத்தையும் எவனும் பேசக்கூடாது என்றால் எப்படி?

நம் சென்னையிலும் நடந்தது. ஐடிசி தன் நூடுல்ஸில் ‘மேஜிக் மசாலா’ என்று போட்டது, நெஸ்லே பிறகு ‘மேஜிக்கல் மசாலா’ என்று போட்டது. 2013-ல் போன வழக்கு 2020-ல்தான் தீர்ப்பு. ‘மேஜிக்’ என்பது சரக்கைப் புகழும் சொல், ‘மசாலா’ ஊருக்கே பொதுச் சொல், யாருக்கும் தனி உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முடித்துவிட்டது. ரெண்டும் எவ்வளவு பெரிய கம்பெனி என்று பாருங்கள் சார். காசு இருந்தும் நடக்கவில்லை.

ஆம்பூர் பாய்

தோல் தொழிலிலும் இதே பாடுதான். எங்கள் தொழிலுக்கு அடுத்த வீட்டில் நடந்த பழைய கதை ஒன்று சொல்கிறேன், மெஷின் பெல்ட் கதை. இங்கிலாந்தில் ரெட்டவே என்று ஒருவர் ஒட்டக முடியில் பெல்ட் நெய்து ‘ஒட்டக முடி பெல்ட்’ என்றே விற்றார். அவரிடம் வேலை பார்த்த பான்ஹாம் வெளியே போய் அதே பெயரில் விற்றார். கேட்டால் ‘என் பெல்ட்டும் ஒட்டக முடிதானே, உண்மையைத்தானே எழுதினேன்’ என்றார். 1896-ல் அங்கத்திய மேல் கோர்ட், அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தை என்றால் ரெட்டவே சரக்கு என்று ஆகிவிட்டது, அதனால் உன் சரக்கு வேறு என்று தெளிவாகக் காட்டாமல் நீ போடக்கூடாது என்று சொன்னது. அடுப்படியில் இருந்தவர் கடை போட்டார் என்று தம்பி எழுதியதைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. நூற்றுமுப்பது வருஷமாக மனுஷன் மாறவே இல்லை.

என் சொந்த அனுபவம். உள்ளூருக்கு செருப்பு தைக்க ஆரம்பித்தபோது ‘மெத்நடை’ என்று பெயர் வைத்தேன், மெத்தென்று நடக்கலாம் என்ற அர்த்தத்தில். அடிபட்டது. செருப்பு மெத்தென்று இருக்கும் என்றுதானே சொல்கிறாய் என்றார்கள். பிறகு மகள் ‘பூனைப்பாதம்’ என்றாள். அது தாண்டிவிட்டது! பூனைப்பாதம் என்றால் சத்தமில்லாமல், மெதுவாக என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் யோசித்தால்தான் தோன்றுகிறது. செருப்புக்கடையில் எவனும் ‘பூனைப்பாதம் பத்தாம் நம்பர் எடு’ என்று சாதாரணமாகக் கேட்கமாட்டான். அந்த ஒரு எட்டு யோசனைதான் வித்தியாசம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். நேரே சொன்னால் விவரிப்பு, ஜாடையாகச் சொன்னால் பெயர்.

சத்துவாச்சாரி

பாய், இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஜாடைக்கும் நேருக்கும் நடுவில் கோடு எங்கே என்று ஆபீசருக்கு ஆபீசர் மாறும். ‘விறகடுப்பு’ என்று பிரியாணிக் கடைக்குப் பெயர் வைத்தால் விறகில் சமைக்கிறோம் என்று நேரே சொன்ன மாதிரி. அதே ‘விறகடுப்பு’ சட்டைத் துணிக்கு என்றால் ஒரு சம்பந்தமும் இல்லை, ராஜா மாதிரிப் போய்விடும். மசாலாப் பொடிக்கு என்றால்? நான் ஜாடை என்பேன், இன்னொருவர் நேர் என்பார். வார்த்தையைத் தனியாக வைத்துப் பார்க்கவே கூடாது, எந்தப் பொருள் மேல் ஒட்டுகிறோம் என்பதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

பேடாக்கடைப் பையன்

மன்னிக்கவும், கடையில் கூட்டம். கேட்டதற்குப் பதில்.

விண்ணப்பம் போனது இந்த வருஷம். பயன்படுத்தும் தேதி என்ற இடத்தில் ஏஜென்ட் ‘பிரப்போஸ்டு டு பி யூஸ்டு’ என்று போட்டிருக்கிறார். அதாவது இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோமாம்! கேட்டதற்கு ‘எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம், அஃபிடவிட் வேலை மிச்சம்’ என்கிறார்.

பில் புக் இருக்கிறது, அப்பா 2003-லிருந்து எல்லாவற்றையும் கட்டி பரணில் போட்டிருக்கிறார். நேற்று இறக்கிப் பார்த்தேன். ஒரு கட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சத்தில் எல்லாம் ‘ம.பே. 1 கி.’, ‘ம.பே. ½ கி.’ என்றுதான் இருக்கிறது. அப்பா கையெழுத்து.

சத்துவாச்சாரி

ஐயோ தம்பி.

கோபப்படாமல் கேளுங்கள். 9(1)(பி)-யிலிருந்து தப்ப இருக்கிற ஒரே கதவு ‘விண்ணப்பத் தேதிக்கு முன்னால் பயன்படுத்தி அடையாளம் வந்துவிட்டது’ என்பது. அந்தக் கதவை உங்கள் விண்ணப்பமே உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டது. இனிமேல்தான் பயன்படுத்துவேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஊருக்கே தெரியும் என்று பதில் எழுதினால் ஹியரிங்கில் முதல் கேள்வியே அதுதான் வரும். விவரிப்புச் சொல் இல்லாத பெயருக்கு அந்த வரி பெரிய விஷயம் இல்லை. உங்கள் மாதிரிப் பெயருக்கு அதுதான் உயிர். 2017 விதிகளின்படி, முன்னாலேயே பயன்படுத்துவதாகச் சொன்னால் அஃபிடவிட்டும் ஆதாரமும் கூடவே வைக்கவேண்டும், அந்த அலுப்புக்காகத்தான் பல ஏஜென்ட்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘பிரப்போஸ்டு’ போடுகிறார்கள்.

திருத்தம் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். புதிதாக ஒரு விண்ணப்பம், சரியான தேதியோடு, அஃபிடவிட்டோடு போடுவதுதான் சுத்தம். தேதி பின்னால் போகிறதே என்று பயம் வேண்டாம், உண்மையில் முன்னால் பயன்படுத்தியவனுக்குப் பிரிவு 34-ல் பாதுகாப்பு உண்டு.

ஆனால் ஆதாரம்? ‘ம.பே.’ என்ற பில் நீங்கள் பேடா விற்றீர்கள் என்பதைக் காட்டும். அந்தப் பெயரில் விற்றீர்கள் என்பதைக் காட்டாது. வேறு என்ன இருக்கிறது? பெட்டி அடித்துக் கொடுத்த பிரஸ்ஸின் பில், அதன் கூடவே வரும் மாதிரி அட்டை, பழைய தினசரி விளம்பரம், கோயில் திருவிழா மலரில் கொடுத்த அரைப்பக்கம், வருஷவாரியாக ஆடிட்டர் கொடுக்கும் விற்பனைக் கணக்கு, இதெல்லாம் தேடுங்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ‘மக்கன் பேடா’ மாதிரிப் பண்டத்தின் பெயரே ஆகிவிட்ட சொல்லை நூறு வருஷம் விற்றாலும் ஒருவருக்கென்று எழுதித் தர நீதிமன்றங்கள் மனசு வைப்பதில்லை.

இன்னொன்று, தப்பாக நினைக்காதீர்கள். முழுக்க நெய்தானா?

பேடாக்கடைப் பையன்

…தீபாவளி சீசனில் பாதிக்குப் பாதி டால்டா. எல்லாரும் அப்படித்தான்.

ஆம்பூர் பாய்

பார்த்தீங்களா, பொது இடத்தில் வாக்குமூலம் :)

சத்துவாச்சாரி

அப்படியானால் பிரிவு 9(2)-ம் சேர்ந்துகொள்ளும், வாங்குகிறவர்களை ஏமாற்றக்கூடிய பெயர் என்று. நெய் உண்மை என்றால் விவரிப்பு, நெய் பொய் என்றால் ஏமாற்று. ரெண்டு பக்கமும் அடி. உணவுப் பாதுகாப்புத் துறை படிக்கிறதோ இல்லையோ, அந்த ‘நெய்’யை பெட்டியிலிருந்து எடுப்பது நல்லது.

காட்பாடி ஜங்ஷன்

எதற்கு இவ்வளவு தலைவலி? லோகோவாகப் போடச் சொல்லுங்கள். டெல்லி கேட் படம், சிவப்பு வட்டம், நடுவில் பெயர். என் மச்சான் ‘வேலூர் டிபன் சென்டர்’ என்று அப்படித்தான் வாங்கினான், வட்டத்துக்குள் ஆர் போட்டு போர்டு மாட்டியிருக்கிறான்.

சத்துவாச்சாரி

வாங்கலாம். ஆனால் உங்கள் மச்சான் கையில் இருப்பது அந்தப் படமும் அமைப்பும். பிரிவு 17 முழு மார்க்குக்குத்தான் உரிமை தருகிறது, அதில் உள்ள பொதுச் சொல்லைத் தனியாகப் பிரித்து எனக்கே எனக்கு என்று சொல்ல முடியாது. நாளைக்கே பக்கத்துத் தெருவில் ‘நியூ வேலூர் டிபன்’ என்று ஒருவன் வேறு படம் போட்டுத் திறந்தால் அவர் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். ‘தமிழ் மேட்ரிமோனி’ மாதிரிப் பெயர்களை வைத்திருந்த கம்பெனி கூகுள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்ட வழக்கில், 2010-ல், இந்தச் சிக்கல்தான் காலை வாரியது. தமிழ் என்பதும் மேட்ரிமோனி என்பதும் தேடுகிறவன் எல்லாம் அடிக்கிற வார்த்தைகள்.

அப்புறம், உண்மையில் பதிவான பிறகுதானே வட்ட ஆர் போட்டார்? விண்ணப்பம் போட்ட கையோடு போடுகிறவர்கள் நிறையப் பேர், அது பிரிவு 107-ல் மாட்டும். அதுவரை டிஎம் என்றுதான் போடவேண்டும்.

கே.வி.குப்பம் அக்கா

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் வீட்டில் தொக்கு, பொடி செய்து விற்கிறேன். ‘முள்ளுக்கத்தரித் தொக்கு’ என்று பெயர், இலவம்பாடிக் காயில்தான் செய்கிறேன். எனக்கு ஒருவர் சொன்னார், தமிழில் எழுதிக் கொடுத்துவிடு அக்கா, ஆபீசர் வடநாட்டுக்காரராக இருந்தால் அர்த்தம் தெரியாது, பெயர் மாதிரியே பதிவாகிவிடும் என்று. நிஜமா?

சத்துவாச்சாரி

இல்லை அக்கா. தமிழ் எழுத்து இருந்தால் அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எப்படி உச்சரிப்பது, என்ன அர்த்தம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். நீங்களே கையெழுத்துப் போட்டு ‘முள்ளுள்ள கத்தரிக்காயில் செய்த தொக்கு’ என்று கொடுத்த பிறகு அவருக்கு வேலையே இல்லை. எழுத்தைத் தப்பாக எழுதினாலும் இதே கதை, காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் போச்சு.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். வேலூர் முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அது அந்தக் காய் போடும் எல்லாருக்கும் பொதுச் சொத்து, ஒருவர் பெயரில் டிரேட்மார்க்காக எடுத்துக்கொள்ளும் பேச்சே வேண்டாம். ஆனால் லேபிளில் ‘முள்ளுக்கத்தரியில் செய்தது’ என்று உண்மையை எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. அதற்கு மேலே உங்களுக்கென்று ஒரு சொந்தப் பெயர் வையுங்கள்.

வாலாஜா ரோடு

அப்போ ஊர்ப்பெயரே வைக்கக்கூடாதா? எத்தனை கம்பெனி வைத்திருக்கிறது.

சத்துவாச்சாரி

ஊருக்கும் பொருளுக்கும் ஒட்டு உறவு இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்தால் சில சமயம் போகும். ஆனால் ஊர் பேர்போனதாக இருந்தால் அதுவும் கஷ்டம். சிகரெட்டுக்கு ‘சிம்லா’ என்று வைத்ததை 1977-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, இத்தனைக்கும் சிம்லாவில் புகையிலைத் தோட்டமா இருக்கிறது? ஆற்காடு பேடாவுக்குப் பேர்போனது, அங்கே கேட்கவே வேண்டாம்.

தெலுங்கில் எதிர்ப்பக்க உதாரணம் ஒன்று உண்டு, ‘ஈநாடு’. சாதாரணச் சொல்தான், ‘இன்று’ என்றும் ‘இந்த நாடு’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். பெங்களூர் ஊதுபத்திக்காரர் அதைப் போட்டு ஆந்திராவில் விற்றபோது, அங்கே அந்தச் சொல் என்றால் ஜனங்களுக்கு 1974-லிருந்து வருகிற பத்திரிகைதான் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் பத்திரிகைப் பக்கம் நின்றது. தினமும் காலையில் வாசலில் வந்து விழுகிற பெயர், சார். அந்த அளவுக்கு ஊறியிருக்கவேண்டும்.

குடியாத்தம் குச்சி

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தாத்தா தீப்பெட்டி ஒட்டியவர். எங்கள் தொழிலில் இந்தப் பிரச்சினையே கிடையாது, காரணம் என்ன தெரியுமா? குச்சி எரியும், நமுத்துப் போகாது என்று லேபிளில் எழுதி என்ன பயன், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்போது படிக்கத் தெரியாது. அதனால் மயில், கப்பல், சாவி, யானை என்று படம். கடையில் ‘மயில் பெட்டி குடு’ என்பார்கள். மயிலுக்கும் தீக்குச்சிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அதனால்தான் அது பலமான மார்க்.

பேடாக்கடைத் தம்பியிடம் ஒரே கேள்வி. உங்கள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விடுங்கள். கல்லாவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? ஒரு நாள் முழுக்க எழுதி வையுங்கள்.

பேடாக்கடைப் பையன்

அண்ணே, எழுதினேன். சனிக்கிழமை, மாலை நாலு மணியிலிருந்து ஒன்பதரை வரை, பில் புக்கின் பின் அட்டையில் கோடு போட்டு.

நேரில் வந்தவர்கள் பெரும்பாலும் ‘பேடா ஒரு கிலோ’, அவ்வளவுதான். ராணிப்பேட்டை சி.எம்.சி. வளாகத்துக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளக் குடும்பம் ஒன்று போனில் எங்கள் சிவப்புப் பெட்டியின் போட்டோவைக் காட்டி ‘இது’ என்றது. ‘ஆற்காடு நெய் மக்கன் பேடா’ என்று முழுப்பெயரைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எனக்கே ஆச்சரியம்தான், இதற்காகவா இத்தனை நாள் சண்டை போட்டேன்?

ஆனால் போன் ஆர்டர்கள் வேறு மாதிரி. ‘பச்சைத் திண்ணைக் கடைதானே?’ ஏழு போனில் ஐந்து அப்படித்தான் ஆரம்பித்தது. ஆரணியிலிருந்து கல்யாணத்துக்கு ஆர்டர் சொன்னவர், ‘போன தடவை எதிர்க்கடையில் மாத்தி வாங்கிட்டாங்க, எனக்குப் பச்சைத் திண்ணை பேடாதான் வேணும்’ என்றார். கடை வாசலில் முன்னாடி ஒரு திண்ணை இருந்தது, அப்பா வருஷா வருஷம் பொங்கலுக்குப் பச்சை பெயின்ட் அடிப்பார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் அதில்தான் உட்காருவார்கள். நாங்கள் அந்தப் பெயரை ஒரு நாளும் எங்கேயும் எழுதியதே இல்லை.

சத்துவாச்சாரி

தம்பி, இதைத்தான் இத்தனை நேரமும் தேடிக்கொண்டிருந்தோம். பச்சைத் திண்ணைக்கும் பேடாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குச்சி அண்ணன் சொன்ன மயில் மாதிரி. 9(1)(பி) பக்கமே வராது. வாடிக்கையாளர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, விளம்பரச் செலவும் இல்லை. இன்றைக்கே டிரேட்மார்க் இணையதளத்தின் பொதுத் தேடலில் கிளாஸ் 30-ல் ஒருமுறை தட்டிப் பாருங்கள், இல்லை என்றால் உடனே போடுங்கள். ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வரும், நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு, பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல்.

வாலாஜா ரோடு

சரி, அதுவரை அந்த அடுப்படிக்காரர் அதே பெட்டியில் விற்றுக்கொண்டே இருப்பாரா? பழைய பெயரை அவருக்கே தாரை வார்த்துவிட்டதாக ஆகாதா?

சத்துவாச்சாரி

அந்த நாலு வார்த்தையை அவர் வைத்துக்கொள்ளட்டும் சார், ஊரில் எல்லாருக்கும் அது உரியது. ஆனால் சிவப்புப் பெட்டி, டெல்லி கேட் படம், எழுத்தின் வளைவு எல்லாம் சேர்ந்து ஆளை மாற்றி வாங்க வைக்கிறது அல்லவா, அதற்கு ‘பாஸிங் ஆஃப்’ என்று தனி வழக்கு உண்டு, பதிவு தேவையில்லை. பாய் சொன்ன ஒட்டக முடி பெல்ட் வழக்கும் அந்த ரகம்தான். புளித்த ஜீராவுக்கு உங்களுக்குப் போன் செய்தவர்கள்தான் அதில் உங்கள் முதல் சாட்சி. நம்பரை எல்லாம் அழித்துவிடாதீர்கள் தம்பி. அந்தப் பெட்டியில் ஒன்றை வாங்கி, பில்லோடு எடுத்து வையுங்கள்.

கே.வி.குப்பம் அக்கா

எனக்கும் ஒரு பெயர் கிடைத்தது. என் பேத்தி என் தொக்கை ‘குத்தாத முள்’ என்கிறாள். நேராகிவிடுமா?

ஆம்பூர் பாய்

அக்கா, பூனைப்பாதத்துக்குத் தங்கச்சி அது. போடுங்க.

பேடாக்கடைப் பையன்

எல்லாருக்கும் நன்றி. தேடினேன், கிளாஸ் 30-ல் அப்படி ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கணக்கு நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தார். ‘ரோடு அகலப்படுத்தும்போது திண்ணையை இடிச்சு எட்டு வருஷம் ஆச்சு, இல்லாத திண்ணைக்கு என்னடா ரிஜிஸ்டரு?’ என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. காலையில் நான் கடைக்கு வருவதற்குள் அவரே பிரஸ்ஸுக்குப் போன் செய்து, புது பில் புக்கில் மேலே ‘பச்சைத் திண்ணை’ என்று பச்சை மையில் வேண்டும், எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.